பிக்கப் மைலேஜ்: மனதை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் காய்வண்டி

2022 மார்ச்சில் நடந்தது. இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றேகால் டன் பிக்கப். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூர். திரும்பும்போது காலி டிரே. லிட்டருக்கு 15 வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் 14, பிப்ரவரியில் 13, மார்ச்சில் 12. மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டம். 15 கொடுத்தால் 267 லிட்டர், 12 கொடுத்தால் 333. இடையில் 66 லிட்டர், அன்றைய விலைக்கு ஆறாயிரம் ரூபாய்.

பாலக்காடு - திருச்சூர் ரோட்டில் குதிரான் மலைச் சுரங்கத்தை அதற்கு முந்தைய வருடம்தான் திறந்திருந்தார்கள். முன்பு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போவோம். இப்போது நேராகப் போகிறோம். மைலேஜ் ஏற வேண்டிய நேரத்தில் ஏன் இறங்குகிறது? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

டிரைவர் என்னைவிட 12 வயது மூத்தவர். மண்டி வாசலில் நாலு பேர் நிற்கும்போது, "டீசல் எங்கண்ணே போகுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை டேஷ்போர்டில் வைத்தார். சீட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கணக்கு முடித்தபோது 2,400 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தேன்.

புது டிரைவர் வந்தும் அதே 12தான். ஏப்ரலில் ஒருநாள் நானும் கூடப் போனேன். பொள்ளாச்சி தாண்டிப் பின் டயர் பஞ்சர். பஞ்சர் கடைப் பெரியவர் போல்ட்டைத் தளர்த்தும் முன் புறங்கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், உடனே இழுத்துக்கொண்டார். "பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வந்தீங்களாப்பா?" என்றார். நேர் ரோடு, பிரேக்கில் கால் வைத்தே வெகுநேரம் ஆகியிருந்தது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. பிரேக் லைனரைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் துவண்டு, லைனர் சக்கரத்தின் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. இடது பக்கமும் அதே கதைதான், கொஞ்சம் குறைவு.

வேலை பார்த்தபின் முதல் ஃபுல் டேங்க் கணக்கு 14.6. அந்தப் புறங்கையும் அந்தத் துண்டும் மாறி மாறிக் கண் முன்னால் வருகின்றன.

ஸ்டியரிங் பிடித்தவன்

அண்ணா, அந்த 2,400-ஐத் திருப்பிக் கொடுத்தீர்களா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

நான் அந்தப் பக்கத்தில் நின்றவன். என் ஓனர் ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்து, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். நான் வண்டிக்குள்தான் படுத்திருந்தேன். மூடி திறக்கும் சத்தம் கேட்டது, எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவருக்குச் சங்கடம் என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் எழுந்திருக்க வேண்டும்.

கடைசியில் டீசல் எங்கேயும் போகவில்லை, கணக்குதான் தப்பு. அவர் வீட்டுப் பக்கத்து பங்க்கில் தரை சரிவு. அங்கே பம்ப் நாசில் சீக்கிரம் தானாகக் கட் ஆகிவிடும். நான் வெளியூர் பங்க்கில் சமதரையில் போடும்போது கூடுதலாக இரண்டு லிட்டர் இறங்கும். 150 கிலோமீட்டர் நடைக்குப் பத்து லிட்டர்தான் செலவு, அதில் இரண்டு லிட்டர் முன்னே பின்னே போனால் யாரை வேண்டுமானாலும் திருடன் ஆக்கலாம். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கட்டோடு நிறுத்துவது, நாலைந்து டேங்க் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது. ஓனர்கள் இதைச் செய்துவிட்டு அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

மைல்கல் கணக்கு

காய்வண்டி அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் மூன்று கிலோமீட்டரும் பிரேக்கால் மட்டும் போனது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 15 என்பது 12 ஆனால் வண்டி கால் பங்கு கூடுதலாக டீசல் குடிக்கிறது என்று அர்த்தம். அவ்வளவும் டிரம்மில் சூடாக இறங்கினால் லைனர் கருகும் வாடை வண்டிக்குள்ளேயே வந்திருக்கும். வேறு ஏதோ கூட இருந்திருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் டயர் மாற்றினீர்களா? டிரே எண்ணிக்கை கூடியதா?

டயரைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் வண்டிக்கு ஒரு சுற்று பெரிய டயர் போட்டேன், குழியில் அடிவாங்காது என்று. அடுத்த வாரமே மைலேஜ் போச்சு. ஏர் பில்டர் மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் திண்டுக்கல் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். 20 கல் தாண்டியபோது மீட்டர் 19 கூடத் தொடவில்லை. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. குறைந்ததில் ஒரு பங்கு மைலேஜே இல்லை, வெறும் மீட்டர் கணக்கு. மீதி, டயரின் எடைக்கும் அகலத்துக்கும் போனது.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பழைய வழவழ டயரில் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். டயர் தேயத் தேய மைலேஜ் நன்றாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒருமுறை கல்லை எண்ணிப் பாருங்கள். ஏர் பில்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடைத்துக்கொண்டால் இழுவை குறையும், கரும்புகை வரும். ஆனால் ஊதிச் சுத்தம் செய்ததும் இரண்டு கிலோமீட்டர் ஏறியது என்று யாராவது சொன்னால், அன்று லோடு எவ்வளவு இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

ரோஜாப்பூ நடை

ஓசூரிலிருந்து சேலத்துக்கு ரோஜா. தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் எல்லோருக்கும் தெரியும். அங்கே நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் சொன்னார். இரண்டு வருடம் அப்படித்தான் இறங்கினேன்.

அன்று பூவோடு சேர்த்து ஒரு நண்பருக்காகத் தரை ஓடு ஏற்றியிருந்தேன். அந்த எடையை நான் கணக்கில் வைக்கவில்லை. இரட்டைப் பாலத்துக்கு முந்தின வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கீழே போகிறது, வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தேன். எரிந்த வாடை. முன்னால் ஒரு டேங்கர் லாரியின் பின் விளக்குகள், இரண்டு சிவப்பும் ஒன்றை விட்டு ஒன்று விலகி விலகி வந்தன. நெருங்குகிறோம் என்று அதை வைத்துத்தான் புரிந்தது. மூன்றாம் கியரில் அடித்துப் போட்டேன், இன்ஜின் கத்திய கத்தலில் பூக்கூடைகள் முன்னால் சரிந்தன. வண்டி பிடித்தது.

கீழே ஓரங்கட்டி நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 2024 ஜனவரியில் அதே பாலத்தில் லாரி மோதி வண்டிகள் எரிந்த வீடியோ வந்தபோது என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும் நியூட்ரலில் மிச்சமே இல்லை. கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, இப்போதைய வண்டிகளில் அந்த நேரத்தில் டீசல் இறங்குவதே இல்லை. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

பல்லடம் ரோடு

ரோஜாப்பூ தம்பி சொல்வது மலை இறக்கத்துக்குச் சரி. லேசான சரிவுக்குச் சரியில்லை. அங்கே கியரில் விட்டால் இன்ஜின் இழுத்து வேகம் குறையும், மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். நியூட்ரலில் ஒரு கிலோமீட்டர் தானாக உருளும். நான் பத்து வருடமாகச் செய்கிறேன், கணக்கில் தெரிகிறது.

ரோஜாப்பூ நடை

அண்ணா, லேசான சரிவு எது, பிடிக்காத சரிவு எது என்று லோடு ஏற்றிய வண்டியில் முன்கூட்டியே தெரியாது. எனக்குத் தெரியவில்லை. டாப் கியரிலேயே காலை லேசாக வைத்து உருட்டுங்கள். அரை லிட்டர் போனால் போகட்டும்.

ஆரல்காற்று

திருநெல்வேலியிலிருந்து தோவாளைக்கு நானும் பூ வண்டிதான். பூவுக்கு எடை கிடையாது, மைலேஜ் அள்ளும் என்று நினைத்தேன். ஆடி மாதம் காவல்கிணறு தாண்டியதும் நாலாம் கியரில் 60 நிற்கவில்லை. மூன்றுக்கு இறக்க வேண்டியதாயிற்று. சமதரையில்! முப்பந்தலில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பாயக் கட்டிக்கிட்டு காத்துக்கு எதுக்க வந்தா எப்பிடிண்ணே போவும்?" என்றார். திரும்பிப் பார்த்தேன். கேபினுக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு வளையம், அதன் மேல் தார்ப்பாய், பலூன் மாதிரி புடைத்துக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

60-இல் போகும்போது எதிர்க்காற்று 30 இருந்தால், வண்டிக்கு அது 90-இல் போகிற மாதிரி. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் தடை இரண்டேகால் மடங்கு. வளையத்தைக் கழற்றிவிட்டுக் கூடைகளைத் தாழ அடுக்கிப் பாயை இழுத்துக் கட்டினேன். போகும்போது 12 வந்தது 14 ஆனது. திரும்பும்போது காற்று முதுகில், 18 வரும். இந்த லைனில் ஒரு வழிக் கணக்கைப் பார்த்து யாரும் முடிவுக்கு வராதீர்கள்.

பணிமனை 27

அரசுப் பேருந்தில் 27 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்களுக்கு டிப்போவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஆள் ஆளுக்குக் கணக்கு வரும். நான் எப்போதும் கடைசி வரிசை. ஒருநாள் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பதினைந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குனிந்து என் இடது முழங்காலைத் தட்டி, "இது எதுக்கு இங்க இருக்கு?" என்றார். கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாது.

நீங்கள் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிளட்ச் மிதிக்காத நேரத்தில் இடது கால் தரையில் இருக்கட்டும். கியரைச் சீக்கிரம் ஏற்றுங்கள், இன்ஜின் திணறாத வரைக்கும். முன்னால் நூறு அடியைப் பார்க்காதீர்கள், அடுத்த சிக்னலைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அங்கிருந்தே காலை எடுங்கள். பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கி வீசுகிறீர்கள். டயர் காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் காலி வண்டிக்கு ஒரு அளவு, லோடுக்கு ஒரு அளவு இருக்கும். பெரும்பாலான பிக்கப்கள் காலி அளவிலேயே லோடு அடிக்கின்றன. டயரின் தோள் பகுதி தேய்வதைப் பார்த்தாலே தெரியும். எங்கள் சின்ன மாமனார் வண்டியில் உபரி ஜாக்கி, சங்கிலி, இரும்புக் குழாய் என்று அறுபது கிலோ நிரந்தரமாகக் கிடந்தது, யாருக்கும் தேவைப்படாமல். அதை இறக்குங்கள். 80-இல் போவதை 60-க்குக் கொண்டுவாருங்கள், இரவு நேரச் சந்தைக்கு அரை மணி முன்னதாகக் கிளம்பினால் முடியும். நாள் முழுக்க இழுத்தடிக்கும் ஓட்டத்தில் இந்த வேகம் ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

பல்லடம் ரோடு நண்பருக்கு: நியூட்ரல் வேண்டாம். பேருந்தில் அப்படி இறங்கினால் எங்களுக்கு மெமோ.

மாவு வண்டி அக்கா

எல்லோரும் நெடுஞ்சாலையைச் சொல்கிறீர்கள். நான் மதுரையில் குட்டி யானையில் இட்லி மாவு போடுகிறேன், 22 கடை. ஒரு கடைப் பையன்தான் சொன்னான், "அக்கா, உங்க வண்டி ஓடுற நேரத்தவிட நின்னு உறுமுற நேரம்தான் சாஸ்தி." அன்று கடிகாரம் பார்த்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடியிருக்கிறது. அணைக்காததற்குக் காரணம், பேட்டரி வீக். அணைத்தால் மறுபடி எடுக்காது என்ற பயம். பேட்டரி மாற்றினேன், கடைக்குக் கடை அணைக்கிறேன். தினம் ஏறத்தாழ ஒரு லிட்டர் மிச்சம். மாவும் சூடாகாமல் போகிறது.

ஒட்டன்சத்திரம் காய்வண்டி

மைல்கல் கணக்கு அண்ணா கேட்டதற்கு: டயர் மாற்றவில்லை. ஆனால் பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியிலிருந்து நடைக்கு எட்டு டிரே கூட ஏற்றியிருக்கிறோம். ஏற்றச் சொன்னது நான். நீங்கள் சொன்னது சரி.

ஸ்டியரிங் தம்பி, கொடுக்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை. வியாழன் ராத்திரி சந்தைக்குப் போனேன். இப்போது அவர் வேறு மண்டி வண்டியில் இருக்கிறார். முருங்கைக்காய் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். பணத்தைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். எண்ணிப் பார்த்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "ஸ்பிரிங் மட்டும்தான் மாத்துனியா? ஹேண்ட் பிரேக் கேபிளப் பாத்தியா? மண்டி வாசல்ல சரிவுல நிக்குதுன்னு நீதான் இறுக்கி வைக்கச் சொன்ன" என்றார். அப்புறம் கட்டு ஏற்றப் போய்விட்டார்.

காலையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை முழுசாக விட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். இடது பக்கம் இன்னும் லேசாகப் பிடிக்கிறது. கேபிள் இறுகித்தான் இருக்கிறது.