அன்நோன்-பிளாக்(0,0): லினக்ஸின் மையமான கர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்து போட்டவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

#1
டெபியன், என்விஎம்இ டிஸ்க். கம்பைல் சுத்தமாக முடிந்தது, மேக் இன்ஸ்டாலும் ஓடியது. ரீபூட் செய்தால் "அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)" என்று பேனிக், கர்னல் அப்படியே நின்றுவிட்டது. மேக் இன்ஸ்டால் கக்கிய வரிகளுக்கு நடுவே "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" ஒன்று ஒளிந்திருந்தது. பூட் பார்ட்டிஷன் 512 எம்பி. டீபக் தகவலோடு மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டுகள்) போனால் இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க்கைத் திறக்கத் தேவையானவை அடங்கிய தற்காலிக ஃபைல்சிஸ்டம்) சில நூறு எம்பிக்கு ஊதிவிடும். அது எழுதி முடியவே இல்லை, பூட்லோடரான கிரப்பும் அது இல்லாமலே கர்னலைக் கிளப்பிவிட்டது. என்விஎம்இ டிரைவர் மாட்யூலாக இருக்கிறது, அந்த மாட்யூலோ திறக்க முடியாத டிஸ்க்கில் கிடக்கிறது. மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலில் டீபக் தகவலை உரித்தெடுக்கும் இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1 சேர்த்ததும் தாராளமாக அடங்கியது.

#2
இனிட்ராம்எஃப்எஸ்ஸே எதற்கு? பிஎல்கே_டெவ்_என்விஎம்இ, எக்ஸ்ட்4_எஃப்எஸ் இரண்டையும் கான்ஃபிக்கில் எம்-லிருந்து (மாட்யூல்) ஒய்-க்கு (கர்னலுக்குள்ளேயே) மாற்றினால் தீர்ந்தது.

#3
#2 சொல்வது பாதி சரி. கிரப் வரியில் ரூட்=யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) என்று இருந்தால் ஒய் போட்டும் அதே பேனிக்தான். ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட். தனியாக நிற்கும் கர்னலுக்கு பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுங்கள், இல்லையென்றால் நேரடி டிவைஸ் பெயர். ரூட்டில் லக்ஸ் என்கிரிப்ஷன் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், இனிட்ராம்எஃப்எஸ் வைத்தே ஆகவேண்டும்.

அடைப்புக்குள் இருக்கும் எண்ணையும் பாருங்கள். (0,0) என்றால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. (8,1), (259,2) மாதிரி வந்தால் டிஸ்க் கிடைத்துவிட்டது, பெரும்பாலும் ஃபைல்சிஸ்டம் டிரைவர்தான் இல்லை.

#4
இங்கே பூட் வரைக்குமே வரவில்லை. டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை காப்பி செய்து புதிய ஆப்ஷன்களுக்கு இயல்பு மதிப்பு போடும் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால், பில்டு பாதியில் "நோ ரூல் டு மேக் டார்கெட்" என்று ஒரு பெம் (சான்றிதழ்) ஃபைலைக் கேட்டு நின்றது. சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டையும் காலியாக்கியதும் ஓடியது.

அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். லோக்கல்மாட்கான்ஃபிக் பில்டு நேரத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் அந்த நொடியில் எல்எஸ்மாட் (ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியல்) காட்டுவதை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். பென்டிரைவ் செருகாமல் ஓட்டினால் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் போச்சு. விபிஎன் இணைக்காவிட்டால் அதற்கான டன், வயர்கார்டு மாட்யூல்கள் போச்சு. எல்லாவற்றையும் ஒருமுறை செருகி, இணைத்து, மவுன்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள். டீபக்_இன்ஃபோ_நன் தேர்வு செய்தால் பில்டு ஃபோல்டர் பல ஜிபி இளைக்கும். கர்னலின் பதிப்புப் பெயரோடு சேரும் லோக்கல்வெர்ஷனில் ஒரு பின்னொட்டு கட்டாயம். இல்லாவிட்டால் அதே பதிப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல்கள் மீதே எழுதிவிடும்.

#5
#4, கதை நாலு வரி, அறிவுரை ஒரு பக்கம் :)

பேனிக் வராமல் "யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அவசரகால பிஸிபாக்ஸ் ஷெல்லில் விழுந்தால் வரிசையைச் சந்தேகப்படுங்கள். மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலுக்கு முன்பே மேக் இன்ஸ்டால் ஓடியிருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும், உள்ளே மாட்யூல் இருக்காது. பழைய கர்னலில் பூட் செய்து, மாட்யூல்களைப் போட்டுவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே உடன் புதிய கர்னலின் முழுப் பதிப்பு எண்ணைக் கொடுத்தால் போதும். மறு கம்பைல் தேவையில்லை.