பேட்டரிப் பெட்டியும் வெள்ளிக் காப்பும்

சங்ககிரி ஓட்டுநர்:
ஏழு ஆண்டுகள் ஆகியும் இடது மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில், செல்ஃப் எடுக்காமல் நின்ற பத்துச் சக்கர லாரியின் பேட்டரியை நானே கழற்ற முனைந்து, அவசரத்தில் பிளஸ் முனையில் முதலில் ஸ்பேனரைப் போட்டுவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் செய்து வாங்கிய வெள்ளிக் காப்பு ஸ்பேனரிலும் சேசிஸ் எனும் அடிச்சட்ட இரும்பிலும் ஒருசேரப் பட்டது. நீலப் பொறி ஒன்று தெரிந்தது. கையை இழுப்பதற்குள் காப்பு பழுத்துத் தோலோடு ஒட்டிக்கொண்டது. 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று நினைத்திருந்தேன். ஷாக் அடிக்கவில்லைதான்.

ஏற்காட்டு வண்டிக்காரர்:
எனக்கு உறுத்துவது வேறு. எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறியபோது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் சார்ஜ் விளக்கு எரியத் தொடங்கியது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். அடுத்த வளைவிலேயே வெப்பமானியின் முள்ளும் ஏறியது. நிறுத்திப் பார்த்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சேர்த்துச் சுற்றும் பெல்ட் அறுந்து, கருகிய ரப்பர் நாற்றத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கிளீனர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கொதிநீர் அவன் தலைக்கு மேல் பீய்ச்சியது. முகம் தப்பியது, தோள் தப்பவில்லை.

லீ பஜார் பழைய மெக்கானிக்:
முதலில் எழுதியவர் காப்பின் மேல் பழி போடுவதை ஏற்க முடியாது; காப்பு இல்லாவிட்டாலும் அந்த ஸ்பேனரே சேசிஸில் இடித்திருக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும், பிறகு பிளஸில் போட்ட ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் பொறி வராது. ஆகவே கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இரண்டாமவர் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ தெரியவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள், வோல்டேஜ் திடீரென எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். ஓட்டத்தில் மீட்டர் 28 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 30-ஐத் தாண்டினால் வோல்டேஜை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், இல்லையென்றால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றி, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டராக மட்டும் இருக்கட்டும், போர் தண்ணீர் வேண்டாம். பாடியில் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். இவற்றையெல்லாம் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பவர்களைக் காணோம்.

சேலத்துக் கிளீனராக இருந்தவர்:
மெக்கானிக் ஐயா சொன்னவற்றில் மறுக்க ஒன்றுமில்லை; ஆனால் என்னைச் சுட்டதை அவர் தொடவே இல்லை. தொப்பூர் அருகே இரவு இரண்டு மணிக்கு, வேறொரு லாரியிலிருந்து ஒயர் கொடுத்து எங்கள் வண்டியைக் கிளப்ப முயன்றோம். கடைசிக் கிளிப்பை பேட்டரியிலிருந்து தள்ளி, என்ஜின் இரும்பில் கவ்வ வைத்திருக்க வேண்டும். நான் நேராக மைனஸ் முனையில் வைத்தேன். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பதும், மூடிய பெட்டியில் அது தேங்கியிருக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பொறி தெறித்ததும் டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். பேட்டரியின் மேல்மூடி பறந்து சாலையோரப் புளியமரத்தில் மோதியது; உள்ளிருந்த ஆசிட் என் மேல் தெறித்தது. ஓட்டுநர் அண்ணன் என் தலையைப் பிடித்து அமுக்கி, குடத்துத் தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது. சட்டையில் அப்போது ஈரம் மட்டுமே தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அம்மா அதைத் துவைத்துக் கொடியில் போட்டபோது, நெஞ்சுப் பகுதி சல்லடையாக உதிர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.