தொட்டிலில் பூனை முடி: எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் காலையில் திரும்ப வருகிறது

பீளமேட்டுக்காரன்:
மனைவிக்கு இது 35-வது வாரம். போன ஞாயிறு வடவள்ளியில் ஒரு வீட்டில் சக்கரம் வைத்த மரத்தொட்டிலும் ஒரு சின்ன அலமாரியும் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். சட்டம் தேக்கு, பக்கக் கம்பிகளுக்கு வெள்ளை பெயின்ட். ஆட்டமே இல்லை. அந்த வீட்டில் இரண்டு பெர்சியன் பூனைகள். ஒன்று தொட்டிலுக்குள்ளேயே சுருண்டு படுத்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அப்போது.

வந்ததும் ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன், வாக்குவமும் போட்டேன். காலையில் பார்த்தால் மெத்தை ஓரத்தில் மறுபடி வெள்ளை முடி. மனைவிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. மாமியார் “தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை” என்கிறார். டெட்டால் ஊற்றிக் கழுவிவிடலாமா?

நாலு பூனை வீடு:
ஈரத்துணியை முதலில் போட்டதுதான் தப்பு. நனைந்த முடி இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், காய்ந்ததும் ஃபேன் காற்றில் எழும்பி வரும். முதலில் வாக்குவம், ஈரம் கடைசியில்தான். துணி, மெத்தை உறை மாதிரி இடங்களுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டு, லேசாக நனைத்து, ஒரே பக்கமாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். முடி விளக்குத் திரி மாதிரி உருண்டு வரும். எங்கள் சோபாவில் ஒரு தடவை இழுத்தால் ஐந்தாவது பூனையே செய்யலாம்.

வார்டு அக்கா:
தம்பி, முடியை விட முடியில் ஒட்டியிருப்பதுதான் விஷயம். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம்தான் பலருக்கு அலர்ஜியைக் கிளப்புகிறது. பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். டெட்டால் கிருமியைக் கொல்லலாம், இதை ஒன்றும் செய்யாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டினால்தான் போகும். வெயிலில் போட்டால் போதும் என்பார்கள். ஈரம் போகும், புரதம் போகாது.

அதனால் அந்த ஃபோம் மெத்தையைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இறங்கியதை எடுக்க முடியாது. புதிதாக, அழுத்தினால் குழியாத, தொட்டில் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் மெத்தை வாங்குங்கள். வேலை நடக்கும்போது மனைவி அந்த அறைப் பக்கமே வர வேண்டாம். சாதாரண வாக்குவம் நுண்ணிய தூசியைப் பின்பக்கமாகத் துப்பும், அதனால் பால்கனியில் வைத்துப் போடுங்கள். நீங்களும் மாஸ்க் கட்டுங்கள்.

இன்னொன்று. அலமாரியில் பூனை வாடை போக யாராவது அந்துருண்டை போடச் சொல்வார்கள். போடாதீர்கள். நாப்தலின் வாடை ஏறிய துணியைப் போட்டு, ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம்.

பீளமேட்டுக்காரன்:
ஐயோ அக்கா, மாமியார் நேற்றே நாலு உருண்டை போட்டுவிட்டார். இப்போதே எடுத்து வீசிவிட்டு அலமாரியைத் திறந்து வைக்கிறேன். உள்ளே இருந்த துணிகளை மறுபடி அலசிக் காயப்போட வேண்டும், இல்லையா?

வார்டு அக்கா:
ஆமாம். வாடை துளியும் இல்லாத வரை அலசுங்கள்.

உளிச்சத்தம்:
மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஒரே நாள் வேலை.

நாலு பூனை வீடு:
அண்ணா, கம்பியில் வெள்ளை பெயின்ட் இருக்கிறதே. எந்த வருஷம் அடித்தது என்று தெரியாமல் தேய்க்கச் சொல்லாதீர்கள். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். பல் முளைக்கும்போது குழந்தை அந்தக் கம்பியைத்தான் கடிக்கும்.

உளிச்சத்தம்:
சரி, அது நியாயம். விற்றவரிடம் வருஷத்தைக் கேளுங்கள். பூனை பிறாண்டி பெயின்ட் உரிந்திருந்தால் கம்பிகளையே மாற்றிவிடலாம், ஆசாரிக்கு அது பெரிய வேலை இல்லை. இன்னும் முடி வருகிறது என்றால் தொட்டிலைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். யாரும் கீழே பார்ப்பதில்லை.

பீளமேட்டுக்காரன் (மூன்று நாள் கழித்து):
கவிழ்த்தேன். நாலு சக்கரத்திலும் அச்சைச் சுற்றி முடி, கயிறு திரித்த மாதிரி! ஒரு சக்கரம் சுற்றவே இல்லை, இழுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. பிளேடால் கீறி, மூக்குக் குறடால் பிடுங்கினேன். கம்பி இறங்கும் துளைகளில் பழைய பல்துலக்கும் பிரஷ் விட்டுச் சுரண்டினேன், அங்கேயும் ஒரு கைப்பிடி. பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, அடுத்து வெறும் தண்ணீர்த் துணி, உடனே உலர்ந்த துணி. மரத்தை ஊறவிடவில்லை.

இரண்டு நாளாகக் கறுப்புத் துணி விரித்து வைத்துப் பார்க்கிறேன், ஒரு முடிகூட இல்லை. தொட்டில் செய்தது 2021 என்று விற்றவர் சொன்னார். ஆனால் பெயின்ட் டப்பா எந்தக் காலத்தது என்று அவருக்கும் தெரியவில்லை, அதனால் கம்பிகளை மாற்ற ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறேன். மெத்தையை அவருடைய பூனைகளுக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று.