மறு: அனல்மின்னாக்கியா, வெப்பமின்னடுக்கா?

> சூட்டிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் வில்லைக்கு ‘அனல்மின்னாக்கி’ என்று வைத்தால் என்ன? விடிலியில் (பனங்காட்டுக் குடிசையில்) பதனீர் காய்ச்சும் அடுப்பில் ஒட்டி ஒரு பல்பு எரிக்கலாமே.

அண்ணாச்சிக்கு வணக்கம்.

‘அனல்மின்’ வேண்டாம் என்பது என் கட்சி. நம்ம திருநெல்வேலிப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே தூத்துக்குடிப் புகைபோக்கிதான் ஞாபகம் வரும். அங்கே நிலக்கரி, கூடங்குளத்தில் அணுக்கரு. எதுவானாலும் தண்ணீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுற்றுகிற கதைதான். இந்த வில்லையில் அசைகிற பாகமே கிடையாது.

1821-இல் சீபெக் என்ற இயற்பியலாளர் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியைச் சூடாக்கியபோது பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்த விளைவு என்றே நினைத்தார்; உள்ளே ஓடுவது மின்னோட்டம் என்று சொன்னவர் ஓர்ஸ்டெட். அந்த இணைக்கு நம் பாடநூல்களில் ‘வெப்ப மின்னிரட்டை’ என்று அருமையான சொல் இருக்கிறது. அங்கிருந்தே போகலாமே?

ஓர் இரட்டை தருவது அற்பம். குரோமெல்–அலுமெல் என்ற இரு நிக்கல் கலவைகளின் இணை என்றால் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். இந்த வில்லைகளில் இருக்கும் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தியில் சுமார் 400. அதனால்தான் கடையில் விற்கும் 4 செ.மீ. சதுர வில்லையில், இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே, 127 இரட்டைகளைத் தொடராகக் கோத்திருக்கிறார்கள். இரு முகங்களுக்கும் 100 டிகிரி வேறுபாடு இருந்தால், பல்பு எதையும் இணைக்காதபோது ஏறக்குறைய 5 வோல்ட். ஆகவே ‘வெப்பமின்னடுக்கு’.

‘ஆக்கி’யும் ஒத்துவராது. இதே வில்லைக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். பெல்டியர் 1834-இல் கண்டது. சின்னக் குளிர்பெட்டிகளில் இருப்பது அதுதான். அங்கே அது எதை ஆக்குகிறது? ‘அடுக்கு’ என்றால் இரண்டு வேலைக்கும் பொருந்தும். ‘வாயேஜர் விண்கலங்களுக்கு 1977 முதல் மின்சாரம் தருபவை வெப்பமின்னடுக்குகள்’ என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

விடிலி யோசனைக்கு வருவோம். அடுப்புச் சுவரில் சும்மா ஒட்டினால் சற்று நேரத்தில் இரு முகமும் ஒரே சூடாகி மின்சாரம் படுத்துவிடும். வெளிமுகத்தில் தண்ணீர்ப் பாத்திரம் ஏதாவது ஒட்டி நிற்கணும். குளிர்பெட்டி வில்லையை வாங்கிவிடாதீர்கள். பலவற்றில் உள்ளே இருக்கும் பற்றாசு (சால்டர்) 138 டிகிரியிலேயே உருகிவிடும். எல்லாம் சரியாக அமைந்தாலும் உள்ளே போகும் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரமாக வந்தால் பெரிசு. பல்பு எரியும்; கிரைண்டர் ஓடாது.

வெளிமுகத்தில் ஒட்டும் அலுமினியச் செதில் தகட்டுக்கு ‘வெப்ப உறிஞ்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வாங்கிய வெப்பத்தைக் காற்றில் கொட்டுவதுதான் அதன் வேலை. தனி இழையில் பேசுவோம்.