கிளிநொச்சிக்கு 4, முல்லைத்தீவுக்கு 5: வடக்கு மாகாண சபையின் ஆசனக் கணக்கு எப்படி வந்தது?

அக்கராயன் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த கிழமை மாகாண சபைகள் பற்றிய பாடத்தில், 2013 செப்டெம்பர் 21 அன்று நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலின் முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மொத்த உறுப்பினர்கள் 38 பேர். அவர்களில் 36 பேர் ஐந்து மாவட்டங்களிலிருந்து தெரிவானவர்கள், மிகுதி 2 மேலதிக ஆசனங்கள். வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30, வெற்றிலைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 7, முஸ்லிம் காங்கிரசுக்கு 1. இந்த இடம் வரைக்கும் பிள்ளைகள் பேசாமல் எழுதிக்கொண்டார்கள்.

மாவட்ட வாரியான கணக்கை எழுதத் தொடங்கியதும் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ரீச்சர், எங்கட மாவட்டத்தில வீட்டுச் சின்னத்துக்கு 37,079 வாக்கு. மூன்று பேர்தான் வந்திருக்கினம். முல்லைத்தீவில 28,266 வாக்குக்கு நாலு பேர். இது என்ன கணக்கு?" என்று கேட்டாள். வாக்காளர் இடாப்பைப் பார்த்தாலும் அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே தெரிகிறது. அந்த ஆண்டு கிளிநொச்சியில் 68,600 வாக்காளர்களும் முல்லைத்தீவில் 53,683 வாக்காளர்களும் பதிவாகியிருந்தார்கள். ஆயினும் கிளிநொச்சிக்கு 4 ஆசனங்கள், முல்லைத்தீவுக்கு 5. விகிதாசாரம் என்று நான் அதுவரை சொல்லிவந்த சொல்லே எனக்குச் சற்று இடறிவிட்டது. தேர்தல் கடமைகளில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் அடுத்த பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

முறிகண்டி ஓய்வூதியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் மாணவியைப் பாராட்டிவிட்டுத் தொடங்குகிறேன். பல தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராக வாக்குப்பெட்டியோடு போய் வந்தவன் நான். இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் எவரும் என்னிடம் கேட்டதில்லை.

மாகாண சபையின் உறுப்பினர் தொகை ஆட்களை மட்டும் எண்ணித் தீர்மானிக்கப்படுவதில்லை. நிலமும் சேர்த்து எண்ணப்படுகிறது. 40,000 பேருக்கு ஒருவர், 1,000 சதுர கிலோமீற்றருக்கு ஒருவர் என்பதே அடிப்படை. இங்கே ஆட்கள் என்பது மொத்தச் சனத்தொகை, வாக்காளர் இடாப்பு அன்று. 2012 குடிசன மதிப்பீட்டை வைத்துக் கிளிநொச்சிக்குப் போட்டுப் பாருங்கள். சனத்தொகை ஏறத்தாழ 113,000; அதற்கு 3 ஆசனம். பரப்பளவு 1,279 சதுர கிலோமீற்றர், அதற்கு 1. கூட்டினால் 4. முல்லைத்தீவில் சனத்தொகை ஏறத்தாழ 92,000, அதற்கு 2. பரப்பளவோ 2,617 சதுர கிலோமீற்றர். கிட்டிய முழு எண்ணுக்கு எடுத்தால் 3. கூட்டினால் 5. வவுனியாவின் 6 ஆசனங்களும் (4 சனத்துக்கு, 2 நிலத்துக்கு) யாழ்ப்பாணத்தின் 16 ஆசனங்களும் (15 சனத்துக்கு, 1 நிலத்துக்கு) இதே வாய்ப்பாட்டில் விழுகின்றன. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள காடும் குளமும் சேர்ந்து முல்லைத்தீவுக்கு ஓர் ஆசனத்தைக் கூடுதலாகப் பெற்றுக் கொடுத்தன என்று உங்கள் மாணவியிடம் சொன்னால் அவளுக்கு மறக்காது.

விகிதாசாரம் என்ற சொல்லும் பிழையன்று. அது மாவட்டத்துக்கு உள்ளேதான் தொழிற்படுகிறது. கிளிநொச்சியில் இரண்டு பெரிய அணிகளுக்கும் விழுந்த வாக்குகள் 37,079, 7,897. கூட்டி நான்கால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 11,244 வாக்குகள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மூன்று முழு ஆசனங்களை எடுத்தபின் அதன் கையில் எஞ்சியது 3,347 வாக்குகள்தான். அடுத்த அணியின் 7,897 அதைவிடப் பெரிய மிச்சம் என்பதால் நான்காம் ஆசனம் அவர்களுக்குப் போயிற்று. முல்லைத்தீவில் இதே விலை 7,095, யாழ்ப்பாணத்தில் 15,619.

இன்னொன்றையும் வகுப்பில் காட்டலாம். ஒரு கட்சி நிறுத்தும் வேட்பாளர் தொகை, ஆசனத் தொகையைவிட மூன்று அதிகம். ஆகவே வாக்குச்சீட்டின் அடியில் விருப்பு வாக்குக்காக அச்சிட்டிருந்த இலக்கங்கள் கிளிநொச்சியில் 1 முதல் 7 வரை. யாழ்ப்பாணத்தில் 1 முதல் 19 வரை. மேலே சின்னத்துக்கு ஒரு புள்ளடி, கீழே விரும்பினால் மூன்று புள்ளடிகள். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் பலர் வீட்டுக்கோ வெற்றிலைக்கோ புள்ளடியைப் போட்டு, சீட்டை மடித்துக் கொண்டு வந்துவிட்டார்கள்; கீழே இருந்த இலக்கங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1988 இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு வடக்கின் 36 பேரும் போட்டியின்றியே தெரிவானார்கள். ஆகவே மாகாண சபை ஒன்றுக்காக வன்னி மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனது 2013 இல்தான்.

மடுவீதி எழுதியது:

மன்னாரின் கணக்கை யாரும் தொடவில்லை. என் பார்வையில் அந்தத் தேர்தலின் மிகச் சுவையான கணக்கு அதுதான். கூட்டமைப்பு 33,118, சுதந்திரக் கூட்டமைப்பு 15,104, முஸ்லிம் காங்கிரஸ் 4,571, ஆசனங்கள் 5. மூன்று தொகையையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 10,560 வாக்குகள் வருகின்றன. கூட்டமைப்புக்கு முழுதாக 3, சுதந்திரக் கூட்டமைப்புக்கு முழுதாக 1. ஐந்தாம் ஆசனத்துக்காக மிச்சங்களை ஒப்பிடும்போது, சுதந்திரக் கூட்டமைப்பின் கையில் 4,550 வாக்குகள்கூட எஞ்சவில்லை. முஸ்லிம் காங்கிரசின் 4,571 வாக்குகள் அப்படியே நின்றன. ஒரு சிறு கிராமத்தின் ஒரு தெரு மாறி வாக்களித்திருந்தால் சபையில் மூன்றாவது கட்சி ஒன்று இருந்திருக்காது. 30, 7, 1 என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு அந்த 1 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு எழுதியது:

ஓய்வூதியர் ஐயாவின் விளக்கம் சரி. ஆனால் முல்லைத்தீவுக்காரன் என்ற முறையில் ஒரு மறுப்பு உண்டு. நிலம் எங்களுக்கு ஆசனம் தந்தது, உண்மை. யாழ்ப்பாணத்துக்கு 16, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து 20. தாளில் பார்த்தால் பெருநிலப்பரப்பே பெரும்பான்மை. சபை மண்டபமோ கைதடியில் இருந்தது; எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வோர் அமர்வுக்கும் ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டிப் போய் வந்தார்கள். மாங்குளத்தில் அமையட்டும் என்ற பேச்சு பேச்சாகவே போயிற்று. முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்களுக்குத்தான் அரசியலமைப்பு இடம் தருகிறது. 2013 இல் க. வி. விக்னேஸ்வரன் அமைத்த அமைச்சர் வாரியத்தில் கல்வி கிளிநொச்சிக்கும், சுகாதாரம் வவுனியாவுக்கும், மீன்பிடியும் போக்குவரத்தும் மன்னாருக்கும், விவசாயம் யாழ்ப்பாணத்துக்கும் போயின. ஐந்து மாவட்டங்களில் அமைச்சர் இல்லாமல் நின்றது முல்லைத்தீவு மட்டுமே. ஐந்து ஆசனத்தைப் பார்த்துக் கிளிநொச்சிப் பிள்ளைகள் பொறாமைப்பட வேண்டியதில்லை.

அந்த இருபது பேரும் மாவட்டக்காரராக ஒருமித்து நின்றதாகவும் எனக்கு நினைவில்லை. கூட்டமைப்பின் 30 என்பது வீட்டுச் சின்னத்தின் கீழ் தமிழரசுக் கட்சி, ஈ.பி.ஆர்.எல்.எவ்., ரெலோ, புளொட், தமிழர் விடுதலைக் கூட்டணி ஆகியன சேர்ந்த தொகை. 2017 யூனில் முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் கையளிக்கப்பட்டுப் பின்னர் மீளப் பெறப்பட்டபோது, அதைக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் ஆளும் தரப்பின் உறுப்பினர்களே. கட்சி வாரியான அட்டவணையில் இந்தப் பிளவுக்கு ஒரு நிரலும் கிடையாது.

அக்கராயன் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாய்ப்பாட்டை நானே ஐந்து மாவட்டங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். மன்னாரில் மட்டும் சனத்தொகை 100,000 என்ற எல்லையில் நிற்பதால் பின்னத்தைக் கூட்டியெடுத்தால்தான் 5 வருகிறது. இரண்டு சிறு ஐயங்கள் மிச்சம். மேலதிக ஆசனங்கள் இரண்டும் யாருக்குப் போயின? இன்று தேர்தல் வைத்தால் இதே முறையா?

முறிகண்டி ஓய்வூதியர் எழுதியது:

மேலதிக ஆசனங்கள் மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு உரியவை. 353,595 வாக்குகளோடு கூட்டமைப்பு அவற்றைப் பெற்றது. ஒன்றை முஸ்லிம் பிரதிநிதி ஒருவருக்கு ஒதுக்கியது, மற்றையதை ஆண்டுக்கு ஒருவராகச் சுழற்சியில் கொடுப்பதெனத் தீர்மானித்து முதலில் முல்லைத்தீவைச் சேர்ந்த பெண் ஒருவருக்குக் கொடுத்தது. முத்தையன்கட்டு நண்பர் இதையும் தமது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை சிக்கலானது. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் பழைய முறையை அகற்றித் தொகுதிமுறையும் விகிதாசாரமும் சரிபாதியாகக் கலந்த முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்ட் 24 அன்று நாடாளுமன்றம் 139 வாக்குகளால் தோற்கடித்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் இல்லை என்ற நிலையில், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் ஐந்தாண்டுக் காலமும் முடிந்து நிர்வாகம் ஆளுநரின் கைக்குப் போயிற்று. பாடத்தில் உறுப்பினர் தொகையை எழுதும்போது "2013 முதல் 2018 வரை" என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடும் மற்ற மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் சேர்வதால், பிள்ளைகள் அந்த ஆசனங்களை இவற்றோடு குழப்பிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற முறை விடைத்தாள் திருத்தியபோது அந்தப் பிழையைத்தான் அதிகம் கண்டேன் என்று என் மருமகள் சொன்னாள்.