‘கிரிபஸ்கியூலர்’ என்னும் பெயரடை: மங்கலா, அந்தியா?

இளவேனில்:
வணக்கம். ஐரோப்பிய முயல்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் முயலைக் ‘கிரிபஸ்கியூலர்’ விலங்கு என்கிறார்கள். என்னிடமுள்ள அகராதி ‘மங்கலான’, ‘அந்தி சார்ந்த’ என்று இரு பொருள் தருகிறது. மங்கலான முயல் என்று எழுத இயலாது. அந்தி சார்ந்த முயல் என்றாலும் வாசகருக்கு எதுவும் விளங்காது. இதே சொல் ஒரு சிறுகதையில் அறையின் வெளிச்சத்துக்கு அடையாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றுதானா?

பொருநை:
வேர் ஒன்றுதான், ஆனால் பயன்பாடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இலத்தீனில் ‘கிரெபஸ்குலும்’ என்பது பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட மங்கிய பொழுதை, பெரும்பாலும் மாலைப் பொழுதைக் குறித்தது. விடியலுக்கு ‘டிலூகுலும்’ என்ற தனிச்சொல் அவர்களிடம் இருந்தது. சிறுகதையில் நீங்கள் கண்டது இந்தப் பழைய பொருளின் நீட்சி. அங்கே ‘மங்கிய’, ‘அரையிருளான’ என்று எழுதுவதே போதும்.

விலங்கியலில் இது கறாரான கலைச்சொல். பகலில் இயங்குபவற்றை ‘டயர்னல்’ என்றும், இரவில் இயங்குபவற்றை ‘நாக்டர்னல்’ என்றும் பிரிக்கும் விலங்கியலார், இவ்விரண்டிலும் அடங்காமல் விடியலிலும் மாலை மயங்கும் நேரத்திலும் சுறுசுறுப்பாக இரை தேடுபவற்றுக்கு இப்பெயரடையை வைத்திருக்கிறார்கள். வெப்பமான நிலங்களில் பகல் வெயிலைத் தவிர்க்க இவ்வழக்கம் உதவுகிறது. பகலில் வேட்டையாடும் விலங்குகளிடமிருந்தும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. ஆகவே ஒளியின் அளவை விட விலங்கு இயங்கும் பொழுதுதான் இங்கே முக்கியம். ‘அந்தி விலங்கு’ என்று சுருக்குவதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் இன்றைய தமிழில் அந்தி என்றால் மாலை மட்டுமே நினைவுக்கு வருகிறது, பாதிப் பொருள் கைவிட்டுப் போகிறது. ‘முயல்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் இயங்குபவை’ என்று சற்று நீட்டியே எழுதுங்கள். விடியலில் மட்டும் இயங்குவதற்கு ‘மட்டூட்டினல்’, மாலையில் மட்டும் இயங்குவதற்கு ‘வெஸ்பர்டைன்’ என்று ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருப்பதால், இந்தச் சொல்லில் இரு பொழுதையும் விடாமல் சொல்வது இன்னும் அவசியமாகிறது.

குறிஞ்சி:
வானியல் கட்டுரைகளிலும் இச்சொல் வரும். மேக இடுக்குகளின் வழியே விசிறிபோல் விரிந்து தெரியும் சூரிய ஒளிக்கற்றைகளைக் ‘கிரிபஸ்கியூலர்’ கதிர்கள் என்பர். அவை உண்மையில் ஏறத்தாழ இணையாகவே வருகின்றன. தொலைவின் காரணமாக ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோல் தோன்றுகின்றன. உச்சிப் பொழுதில் தெரிந்தாலும் பெயர் மாறுவதில்லை என்பதால், அங்கே ‘அந்திக்கதிர்’ என்று பெயர்ப்பது சில நேரம் பிழையாகிவிடும். இன்னொன்று: சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையிலான அந்தி நிலநடுக்கோட்டருகே சுமார் 20 முதல் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். வடக்கு ஐரோப்பாவின் கோடையில் அது மிக நீண்டு நிற்கும். அந்தக் கட்டுரையில் முயல் இரை தேடும் நேரம் நீளமாகச் சொல்லப்பட்டிருந்தால் அதைத் தவறென்று திருத்திவிட வேண்டாம்.

இளவேனில்:
இருவருக்கும் மிக்க நன்றி. நான் ஆங்கிலத்தில் எழுதும்போது தெருவிளக்குகளுக்கு இந்த அடையைச் சேர்க்கலாமா?

பொருநை:
விளக்குக்கு ஒட்டாது, விளக்கு தரும் ஒளிக்கும், அதைச் சூழ்ந்த இருளுக்கும் ஒட்டும். ஒரு மனநிலைக்கோ காலகட்டத்துக்கோ சேர்த்தால், மெல்ல அணைந்துவரும் ஒன்று என்ற குறிப்பும் கூடிவிடும். 1910-இல் இத்தாலியத் திறனாய்வாளர் போர்ஜேசே அக்காலத்து இளங்கவிஞர் சிலரின் தணிந்த குரலைக் குறிக்க இதன் இத்தாலிய வடிவத்தைத்தான் கையாண்டார். ‘கிரெபுஸ்கொலாரி’ என்றே அவர்கள் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டார்கள். அன்றாட உரையாடலிலும் அலுவலகக் கடிதத்திலும் இச்சொல் செயற்கையாக ஒலிக்கும், அங்கே தவிர்த்துவிடுங்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘பஸ்’ என்ற இரண்டாம் அசையில் விழ வேண்டும்.