லைட்டை அணைத்ததில் இருந்து எடை ஏறவில்லை, அவசரம்

புதுப்பண்ணை:
பிராய்லர். ராத்திரி 6 மணி நேரம் லைட்டை அணைத்தால் நல்லது என்றார்கள், செய்தேன். எடை ஏறவே இல்லை. போதாததற்கு முதுகிலும் தொடையிலும் நகக்கீறல். திரும்ப விடிய விடிய லைட் போட்டுவிடவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கோணிப்பை:
எத்தனை நாள் குஞ்சு? இப்போது எடை எவ்வளவு? மூடிய ஷெட்டா, திறந்ததா?

மின்மினி:
பல்பு என்ன நிறம்? வெள்ளை என்றால் அதுதான் காரணம். நீலம் போட்டால் கோழி சாந்தமாக இருக்கும்.

பழையகூரை:
மாதம் இரண்டு தடவை இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படித்தால் விரல் தேயாது. முதல் வாரம் 23 மணி நேரம் வெளிச்சம், 1 மணி நேரம் இருட்டு. குஞ்சு தண்ணீரையும் தீனியையும் கண்டுபிடிக்க வேண்டாமா? அதன் பிறகுதான் இருட்டை நீட்ட வேண்டும். நீங்கள் முதல் நாளே அணைத்திருப்பீர்கள்.

புதுப்பண்ணை:
இல்லை சார், 8ஆம் நாளில் இருந்துதான். இன்று 19. சராசரி 640 கிராம். மூடிய ஷெட்.

கோணிப்பை:
19ல் 800 தாண்டியிருக்க வேண்டும். இருட்டு கொடுத்தால் முதலில் கொஞ்சம் பின்தங்கும், அப்புறம் ஈடுகட்டிவிடும். இவ்வளவு குறையாது. எனக்கு அந்தக் கீறல்தான் இடிக்கிறது. லைட் வந்ததும் பசியில் பீடருக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. லைட் அணையும் நேரத்தில் நாலைந்து கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்து உருண்டிருக்க வேண்டும்.

முப்பதுவருஷம்:
இருட்டே வேண்டாம் தம்பி. 24 மணி நேரமும் தின்றால்தானே சதை போடும்?

பழையகூரை:
சதை போடும், இதயம் தாங்குமா? தூங்கவிடாமல் வளர்த்தால்தான் மல்லாந்து விழுந்து சாவதும் கால் கோணுவதும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2007லேயே விதி போட்டுவிட்டது. நாளுக்கு 6 மணி நேரம் இருட்டு, அதில் 4 மணி நேரமாவது ஒரே தொடர்ச்சியாக.

முப்பதுவருஷம்:
விதி போட்டவர்கள் கோழி வளர்த்தார்களா? என் ஷெட்டில் ஒன்றும் சாகவில்லை.

பழையகூரை:
எண்ணினீர்களா?

மின்மினி:
நிறத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே.

கோணிப்பை:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, லைட் தினமும் ஒரே நேரத்தில்தான் அணைகிறதா? அந்த நேரம் கோழிக்குப் பழகிவிடும். அதற்கு முன்பே முட்டி மோதித் தின்று வைத்துக்கொண்டு, இருட்டில் அதையே மெல்லச் செரிக்கும். நேரம் தள்ளிப்போனால் காலி வயிற்றோடு மாட்டிக்கொள்ளும். டைமர் என்ன வகை?

புதுப்பண்ணை:
திருகி வைக்கிற டைமர், 10 மணிக்கு வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுமோ? பார்த்துவிட்டு வருகிறேன்.

(4 நாள் கழித்து)

புதுப்பண்ணை:
டைமர் 2 மணி 40 நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. வேலையாள் 9 மணிக்குக் கடைசித் தீனி போட்டுவிட்டுப் போகிறார், லைட் அணைவது 12.40க்கு. அதற்குள் பீடர் காலி. காலை 6 மணிக்கு வந்தால் ஷெட் இருட்டாக இருக்கும் என்று இப்போதுதான் சொல்கிறார்! பேட்டரி டைமர் மாட்டியாச்சு. புதுக் கீறல் இல்லை. நன்றி அண்ணா.

கோணிப்பை:
எடை?

மின்மினி:
பல்பு நிறம் கடைசி வரை சொல்லவில்லை.